முதலில் நகல், பிறகு பழுது

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சுக்குள் போகும் முன், இந்த மேசையில் இருப்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இது நம் நூலகத்துக்கு வாடிக்கையாக வருகிற ஓர் அக்காவுடைய லேப்டாப். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பற்றிப் பேசுகிறேன். நான்கு நாளாக இது திறக்கவில்லை. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, தானாகவே பழுதுநீக்கத் தயாராவதாக ஒரு வரி வருகிறது, திரை கருப்பாகிறது, மறுபடி முதலிலிருந்து அதே கதை. நேற்று ஒரு கடையில் காட்டியிருக்கிறார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "விண்டோஸ் போயிடுச்சுக்கா, ஃபார்மட் அடிச்சிரலாம், ஒரு மணி நேரத்துல ரெடி" என்றிருக்கிறார்கள். "அப்ப உள்ள இருக்கறதெல்லாம்?" என்று அக்கா கேட்டதற்கு, "டி டிரைவ்ல இருந்தா அப்படியே இருக்கும்" என்று பதில். தன் படங்கள் எந்த டிரைவில் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. நல்லவேளையாக லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கூட்டம் தொடங்கும் முன் இதில் ஒரு பென் டிரைவைச் சொருகி, அதிலிருந்தே கணினியைத் திறந்தேன். பக்கத்தில் இருக்கிற சின்னக் கருப்புப் பெட்டி ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அக்காவின் கோப்புகள் இதிலிருந்து அதற்கு இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. மொத்தம் 42 ஜிபி. இன்னும் 34 நிமிடம் என்று காட்டுகிறது. அதுவரை நாம் பேசலாம்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்ற வாக்கியத்தை நானே ஆயிரம் முறையாவது சொல்லியிருப்பேன். வாடிக்கையாளர் எதிரே நின்றுகொண்டிருப்பார், பின்னால் இன்னும் மூன்று மெஷின் காத்திருக்கும். என்ன கோளாறு என்று தேடி உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். துடைத்துவிட்டுப் புதிதாக ஓஎஸ் போட்டால் ஒரு மணி நேரம். கூலி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் அந்த வாக்கியம் வாயில் தயாராக இருக்கிறது. இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. ஆனால் என் கண்ணெதிரே தொலைந்துபோன கோப்புகளில் பெரும்பங்கு, கணினி கெட்டதால் தொலையவில்லை. அதைச் சரிசெய்த அவசரத்தில் தொலைந்தன. இன்று உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

வீட்டுக் கதவின் பூட்டு மக்கர் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரோவும் பெட்டியும் பாத்திரமும் உள்ளே அப்படியே இருக்கும். பூட்டு ரிப்பேருக்கு வந்தவர், "வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டித் தர்றேன், கதவு நல்லா திறக்கும்" என்றால் நாம் விடுவோமா? கணினி விஷயத்தில் விட்டுவிடுகிறோம். திறக்காத கணினி என்றால் உள்ளே எல்லாமே போய்விட்டது என்று மனது முடிவுகட்டிவிடுகிறது.

பட்டனை அழுத்தியதும் உள்ளே நடப்பது ஒரு தொடர் ஓட்டம் மாதிரி. முதலில் மின்சாரம்: எஸ்எம்பிஎஸ் அல்லது அடாப்டர் சரியான அளவில் மின்சாரம் தர வேண்டும். அடுத்து மதர்போர்டில் இருக்கிற பயாஸ் விழித்து, ராம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கும். பிறகு எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று தேடும். அந்த டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் இருக்கிற ஒரு சிறிய நிரல் விண்டோஸை எழுப்பும். அதன் பிறகுதான் உங்கள் பெயர் போட்டுக் கடவுச்சொல் கேட்கும். இதில் எந்தக் கட்டத்தில் ஓட்டம் நின்றாலும், வெளியே நிற்கிற நமக்கு அது "கம்ப்யூட்டர் திறக்கலை" என்ற ஒரே வார்த்தைதான். ஆனால் முதல் மூன்று கட்டங்களில் நின்றால் உங்கள் கோப்புகளை யாரும் தொடவே இல்லை என்று பொருள்.

அதனால் கண்ணையும் காதையும் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். விளக்கே எரியவில்லையா? அடாப்டரையோ பவர் கார்டையோ மாற்றிப் பாருங்கள். விசிறி சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை, "பீப் பீப்" என்று சத்தமா? பெரும்பாலும் ராம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ராமை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதித் துடைத்துவிட்டுத் திரும்பப் பொருத்தினால் பல மெஷின்கள் அந்த இடத்திலேயே எழுந்துவிடும். "பூட் டிவைஸ் இல்லை" என்று எழுத்து வருகிறதா? முதலில் யாராவது பென் டிரைவைச் சொருகியபடி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இதற்காக ஆட்டோ பிடித்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். தேதியோடு பயாஸில் இருக்கிற மற்ற அமைப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடலாம். டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்ற அமைப்பு மாறிவிட்டால், நன்றாக இருக்கிற விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். சில பத்து ரூபாய் பேட்டரிக்காக ஒரு குடும்பத்தின் பத்து வருடப் படங்களை ஃபார்மட் அடித்துவிடுகிற ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாமல் கணினி மட்டும் நின்றுபோகும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு மேம்பாட்டில் கோளாறு. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள், நினைவிருக்கும். அந்த மேம்பாட்டை ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறுவனம் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் ஏற்கெனவே விழுந்த மெஷின்களில் பெரும்பாலானவை திருத்தத்தைப் பெற முடியவில்லை, திறந்தால்தானே பெறும்? என்ன செய்தார்கள்? ஒவ்வொரு கணினியையும் சேஃப் மோடில் திறந்து, ஒரு ஃபோல்டருக்குள் போய், ஒரே ஒரு கோப்பை நீக்கினார்கள். அவ்வளவுதான். கணினி எழுந்தது, உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அன்றைக்கு எத்தனை பேர் பதற்றத்தில் ஃபார்மட் அடித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது என் கையால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2006-இல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். விண்டோஸ் எக்ஸ்பி. கரண்ட் போய்ப் போய் வந்ததில் சிஸ்டம் கோப்பு கெட்டு, பாதியில் நின்றுகொண்டிருந்தது. "ஐயா, உங்க ஃபைல் எல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு?" என்று கேட்டேன். அவர் தலையசைத்தார். டி டிரைவ் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது என்பதையும், தெரியாது என்று ஓர் இளைஞனிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது என்பதையும் நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். சி டிரைவை ஃபார்மட் அடித்தேன், எக்ஸ்பி போட்டேன், ஆபீஸ் ஏற்றினேன், அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "தம்பி, என் வயல் பேரெல்லாம் காணோமே" என்றார்.

அவர் நான்கு வருடமாகத் தன் ஊர் வயல்களின் பெயர்களைத் திரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். புளியடிச் செய், நாவல் தடி, கூனன் காணி என்று ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர், அந்தப் பெயர் எப்படி வந்தது, எந்த மடையில் தண்ணீர், யார் சொன்னார்கள் என்று. வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு, இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்தது. எல்லாம் 'மை டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரில். மை டாக்குமென்ட்ஸ் இருப்பது சி டிரைவில். டெஸ்க்டாப்பும் சி டிரைவில்தான். டவுன்லோட்ஸும் அங்கேதான். கணினி தானாகக் காட்டுகிற இடங்கள் எல்லாமே அங்கேதான். டி டிரைவில் தனியாகக் கொண்டுபோய் வைப்பவர் நூற்றில் எத்தனை பேர்? "டி டிரைவ்ல இருந்தா இருக்கும்" என்பது மெக்கானிக் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வது. கணினி வைத்திருப்பவரை அது காப்பாற்றாது.

எக்ஸ்பியில் ஃபார்மட் அடித்ததுமே எழுத்தெல்லாம் அழிந்துவிடாது. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரிதான் அது. உள்ளே பக்கங்கள் இருக்கும். ஆனால் அடுத்து ஏற்றுகிற விண்டோஸ் அந்தப் பக்கங்களின் மேலேயே எழுதத் தொடங்கும். நான் விண்டோஸும் ஆபீஸும் ஏற்றிவிட்டேன், அவரும் இரண்டு நாள் அதில் வேலை செய்துவிட்டார். ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள், பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது. பொருளடக்கம் இல்லாமலே பக்கங்களைத் தேடி எடுக்கும். அதை ஓட்டினேன். இரவு முழுக்க ஓடி, நூற்றுக்கணக்கான கோப்புகளைக் கொண்டுவந்து கொட்டியது. எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. "ஐயா, ஃபைல் கெட்டுப்போச்சு" என்று போன் செய்ய ரிசீவரை எடுத்துவிட்டேன்.

பக்கத்துக் கடையில் டிடிபி வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் தற்செயலாக எட்டிப் பார்த்து, "அண்ணே, இது பாமினி" என்றார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு உள்ள சிக்கல் இது. யூனிகோட் பரவும் முன் நாம் பாமினி, டாம், டாப் என்று பல எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்தோம். பாமினி போன்றவற்றில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்களே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டும். பாமினியில் 'அம்மா' என்று அடித்த சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். நான் ஃபார்மட் அடித்தபோது கோப்போடு எழுத்துருவும் போய்விட்டது. அந்தப் பெண் தன் கணினியிலிருந்து பாமினியை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார். ஏற்றினேன். குப்பையாக இருந்த பக்கத்தில் "புளியடிச் செய்" என்று எழுந்து நின்றது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய கோப்புகள் இன்னும் எத்தனையோ வீடுகளில், அச்சகங்களில் இருக்கின்றன. நகல் எடுக்கும்போது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள்.

கீழ மடையில் தண்ணீர் பாயும் வயல்களின் பெயர்கள் ஏறத்தாழ முழுவதும் கிடைத்தன. மேல மடைக் கோப்பு போய்விட்டது. அதன் மேல்தான் நான் ஆபீஸை எழுதியிருந்தேன். ஐயா மறுபடி ஊருக்குள் நடந்தார். பெயர் சொன்னவர்களில் மூன்று பேர் அதற்குள் காலமாகியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு யார் கணினியைக் கொண்டுவந்தாலும் "என்ன கோளாறு" என்று முதலில் கேட்பதில்லை. "இதுக்குள்ள என்ன இருக்கு, எதுல எழுதுவீங்க, எங்க சேவ் பண்ணுவீங்க" என்று கேட்பேன். வியாபாரி என்றால் டேலி கணக்கு எந்த ஃபோல்டரில் என்று பார்ப்பேன். அது பல கடைகளில் சி டிரைவிலேயே தனி ஃபோல்டரில் கிடக்கும், யாரும் கவனிப்பதில்லை. அவுட்லுக்கில் மெயில் பார்ப்பவர் என்றால் அந்த மெயில் கோப்பு. பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொள்வேன்.

அப்புறம்தான் இந்தப் பென் டிரைவ். டிஸ்க்கில் எதையும் நிறுவாமல், வெளியிலிருந்தே ஒரு முழு இயங்குதளத்தை ஓட்டலாம் என்பதைப் பலருக்குக் காட்டிக்கொடுத்தது நாப்பிக்ஸ். 2000-இல் ஜெர்மனியின் கிளவுஸ் க்னாப்பர் ஒரு சிடியில் அடக்கிக் கொடுத்தது. இன்று லினக்ஸ் மின்ட், உபுண்டு எல்லாமே அப்படி ஓடும், எல்லாம் இலவசம். நல்ல கணினி ஒன்றில் இறக்கி, பென் டிரைவில் எழுதி, கெட்ட கணினியில் சொருகி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கணினிக்கு ஏற்ப எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று பொத்தான் மாறும். திறந்ததும் 'இன்ஸ்டால்' என்று ஒரு படம் டெஸ்க்டாப்பில் இருக்கும். அதை மட்டும் தொடாதீர்கள். தொட்டு, கேட்கிற கேள்விக்கெல்லாம் சரி என்று அழுத்தினால் வீடு இடிந்துவிடும். ஃபைல் மேனேஜரில் விண்டோஸ் டிரைவைத் திறந்தால் 'யூசர்ஸ்' ஃபோல்டர், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் எல்லாம். அக்காவின் டிரைவைத் திறந்தபோது, விண்டோஸ் முறையாக மூடப்படவில்லை, படிக்க மட்டும்தான் அனுமதி என்று லினக்ஸ் சொன்னது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியதே படிக்க மட்டும்தான். நகல் எடுக்கிற வரை அந்த டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட புதிதாக விழக்கூடாது.

லினக்ஸ் வேண்டாம் என்றால், டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யுஎஸ்பி கேபிளில் மாட்டி, வேறொரு கணினியில் எக்ஸ்டர்னல் டிஸ்க் போலத் திறக்கலாம். டெஸ்க்டாப் கணினிக்கு இது இன்னும் சுலபம். சில புது லேப்டாப்களில் டிஸ்க் மதர்போர்டோடு ஒட்டியே இருக்கும். அவற்றைக் கழற்ற முடியாது.

விண்டோஸே தருகிற 'ரீசெட்', 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்ற வழியும் உண்டு. நகல் எடுத்த பிறகு தாராளமாகச் செய்யலாம். ஆனால் அது நீங்கள் ஏற்றிய மென்பொருள்களை நீக்கிவிடும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 மேம்பாடு ஒன்று சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டு, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. செய்தவர்களே கொடுக்கிற கருவியானாலும் நகலுக்குப் பிறகுதான் அதைத் தொடுவேன்.

இதுவரை சொன்னது டிஸ்க் நன்றாக இருந்தால். டிஸ்க்கே சாகக் கிடந்தால் கதை வேறு. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும். அதன் மேல் ஹெட் தொடாமல் பறக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர்; அந்த ஹெட் பறக்கிற உயரம் சில நானோமீட்டர். 'டிக்… டிக்… டிக்' என்று சீரான சத்தம் கேட்டால், ஹெட் தன் இடம் தெரியாமல் தடுமாறுகிறது என்று பொருள். அடுத்த முறை ஆன் செய்யும்போது தட்டையே கீறிவிடலாம். உடனே அணைத்துவிடுங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பாப்போம்" என்கிற ஆசைதான் கோப்பைக் கொல்லும். செக் டிஸ்க் ஓட்டாதீர்கள், அது ஒழுங்குபடுத்துகிறேன் என்று அதே டிஸ்க்கில் எழுதும். ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்துவிடும். சத்தம் இல்லை, ஆனால் படிப்பதற்குத் திணறுகிறது என்றால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ உதவும். நன்றாக இருக்கிற பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். சத்தம் வந்த டிஸ்க்கை, தூசியில்லாத அறை வைத்திருக்கிற தரவு மீட்பு நிலையத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். செலவு அதிகம்தான், மறைக்கவில்லை.

அங்கே என்ன முடியும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2003 பிப்ரவரி 1. கொலம்பியா விண்கலம் டெக்சாஸ் வானில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை இழந்தோம். அந்தச் சிதைவுகளில், செனான் வாயுவைப் பற்றிய ஒரு சோதனையின் அளவீடுகள் பதிந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று கருகி, உருகி, மண் புகுந்து கிடைத்தது. க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் அதன் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறொரு டிரைவில் பொருத்திப் படித்தார்கள். ஏறத்தாழ 99 விழுக்காடு திரும்பக் கிடைத்தது. 2008-இல் அந்த ஆய்வு வெளியானது. வானத்திலிருந்து விழுந்த டிஸ்க் பேசியது. அதன் மேல் யாரும் புதிதாக எதையும் எழுதியிருக்கவில்லை.

எஸ்எஸ்டிக்கு இந்தப் பொறுமை கிடையாது. அதில் கோப்பை நீக்கினாலோ ஃபார்மட் அடித்தாலோ, 'டிரிம்' என்ற கட்டளை போய், டிரைவ் தானே அந்த இடங்களைக் காலி செய்துவிடும். ஐயாவின் கணினி எஸ்எஸ்டி கொண்ட இன்றைய கணினியாக இருந்திருந்தால் கீழ மடையும் கிடைத்திருக்காது. இன்று விற்கிற லேப்டாப்கள் பெரும்பாலும் எஸ்எஸ்டிதான். அவசர ஃபார்மட் முன்னைவிட இன்றைக்குப் பல மடங்கு ஆபத்து.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். மதர்போர்டை மாற்றினாலோ பயாஸில் கை வைத்தாலோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாவிட்டால் லினக்ஸும் உதவாது, நானும் உதவ முடியாது. சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் யாருடைய கணக்கு? லேப்டாப் வாங்கிய அன்று கடைத் தம்பி தன் மெயில் ஐடியைப் போட்டு ஓஎஸ் திறந்து கொடுத்திருந்தால், சாவி அவரிடம். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள்.

வாரன்டியில் சர்வீசுக்குக் கொடுக்கும்போது, நீங்கள் கையெழுத்துப் போடுகிற தாளில் தரவுக்குப் பொறுப்பல்ல என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், உங்கள் பொருள் அது. நகல் எடுத்துத் தந்தால் உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது குடும்பப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், வங்கிக் காகிதங்கள். எடுக்கிறவர் ஃபோல்டரைத்தான் பார்க்க வேண்டும், அதற்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. என் கடையில் வேலைக்கு வருகிற பையன்களிடம் முதல் நாள் சொல்வது இதைத்தான்.

இதோ, நகல் முடிந்துவிட்டது என்று காட்டுகிறது. 42 ஜிபியும் வந்துவிட்டது. எண்ணிக்கை இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது, இரண்டொரு கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அக்கா, நீங்கள் மேலே வாருங்கள். புரொஜெக்டரை அணைத்துவிடுகிறேன், திரை உங்களுக்கு மட்டும் தெரியட்டும். நீங்களே திறந்து பார்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு இந்த விண்டோஸை என்ன செய்வது என்று பார்ப்போம்.